கம்பியில்லா வலையமைப்புகளும் மின்சாரமும் – ஒரு வரலாற்றுப் பார்வை

கம்பியில்லாத் தகவல் தொடர்பு என்றதும் நினைவுக்கு வருபவை மார்க்கோனி, ஆன்டெனா, அலைவரிசை, செல்போன் கோபுரம் ஆகியவைதான். அந்தக் கோபுரத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை, கருவிக்கு ஏற்ற அளவில் மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. பவர் சப்ளை என்று அதற்குப் பெயர். அது நின்றால் எல்லாமே நின்றுவிடும். கம்பியில்லாத் தொடர்பின் நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால், அலை போய்ச் சேராததால் வந்த தொல்லைகளுக்குச் சற்றும் குறையாமல், மின்சாரம் வந்து சேராததால் வந்த தொல்லைகளும் இருக்கின்றன. உயிர்கள் போனதும் உண்டு, பிழைத்ததும் உண்டு.

நடுக்கடலில் ஒரு மின்கலம்

1909 ஜனவரி 23. அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அருகே கடும் மூடுபனி. ரிபப்ளிக் என்ற பயணிகள் கப்பல் மீது ஃபுளோரிடா என்ற இன்னொரு கப்பல் மோதியது. ரிபப்ளிக்கின் என்ஜின் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. டைனமோ நின்றது. கப்பல் முழுவதும் இருள். கம்பியில்லாத் தந்திக் கருவிக்கு வந்துகொண்டிருந்த மின்சாரமும் போயிற்று.

தந்தி இயக்குபவரின் பெயர் ஜாக் பின்ஸ். அவருடைய அறையின் சுவரே மோதலில் உடைந்திருந்தது. ஆனால் கப்பலில் அவசரத்துக்கென மின்கலங்கள் சில இருந்தன. அவற்றை இருட்டில் தேடி எடுத்து இணைத்து, குளிரில் பல மணி நேரம் உட்கார்ந்து உதவி கேட்டுத் தந்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். நான்டக்கெட் தீவின் சயாஸ்கான்செட் நிலையம் அதைக் கேட்டு மற்ற கப்பல்களுக்குச் சொன்னது. பால்டிக் என்ற கப்பல் வந்து, மோதிக்கொண்ட இரு கப்பல்களிலும் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை ஏற்றிக்கொண்டது. மோதலிலேயே இறந்த சிலரைத் தவிர அனைவரும் பிழைத்தார்கள். கம்பியில்லாத் தந்தியின் பெருமையாக உலகம் இதைக் கொண்டாடியது. அந்தத் தந்தியை வாழவைத்தவை கப்பலின் டைனமோவோடு சம்பந்தப்படாத சில மின்கலங்கள்தான்.

மூன்று ஆண்டுகள் கழித்து டைட்டானிக். அதன் தந்திக் கருவி அக்காலத்தின் மிகச் சக்திவாய்ந்த கருவிகளில் ஒன்று, 5 கிலோவாட். 1912 ஏப்ரல் 14 இரவு பனிப்பாறையில் மோதுவதற்கு இரண்டு நாள் முன்பு அந்தக் கருவி பழுதாகி நின்றது. இயக்குபவர்களான ஜாக் ஃபிலிப்ஸும் ஹெரால்ட் பிரைடும் ஆறேழு மணி நேரம் போராடிச் சரிசெய்தார்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் வயர் உள்ளே எரிந்துபோய் இரும்பு போல்ட்டில் பட்டுக்கொண்டிருந்தது என்று பிரைடு பின்னர் விசாரணையில் சொன்னார். அதாவது அன்று கெட்டுப்போனது கருவிக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி. அவர்கள் இருவரும் அன்று விடியும் வரை விழித்திருக்காவிட்டால், மோதிய இரவில் அந்தக் கருவி ஊமையாகவே இருந்திருக்கும். கப்பல் மூழ்கும் கடைசி நிமிடங்கள் வரை மின்சாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்ட என்ஜினியர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கார்பாத்தியா கப்பல் வந்து ஏறத்தாழ 700 பேரை மீட்டது.

1912 ஜூலை 23 அன்று அமெரிக்கா தன் கப்பல் தந்திச் சட்டத்தைத் திருத்தியது. இரவும் பகலும் ஆள் இருக்க வேண்டும் என்பதோடு இன்னொரு நிபந்தனையும் அதில் சேர்ந்தது. கப்பலின் முதன்மை மின் இயந்திரத்தைச் சாராத துணை மின்சாரம் இருக்க வேண்டும். அது குறைந்தது நான்கு மணி நேரம், நூறு மைல் தூரத்துக்குச் செய்தி அனுப்பப் போதுமானதாக இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்று அரசு எண்ணைப் போட்டுச் சொன்னது இந்தத் துறைக்கு ஒரு முக்கியமான தொடக்கம் எனலாம்.

48 வோல்ட் எங்கிருந்து வந்தது?

தரையில் தொலைபேசித் துறை அதே பாடத்தை வேறு வழியில் கற்றுக்கொண்டது. ஆரம்பத்தில் ஒவ்வொரு வீட்டுத் தொலைபேசிக்கும் தனித்தனி மின்கலம் இருந்தது. அதைப் பராமரிப்பது பெரும்பாடு. 1890களில் எல்லா மின்கலங்களையும் தொலைபேசி நிலையத்திலேயே ஒன்றாக வைத்து, பேசும் கம்பி வழியாகவே மின்சாரம் அனுப்பும் முறை வந்தது. ஊரில் கரண்ட் போனாலும் பழைய தொலைபேசிகள் வேலை செய்ததற்கு இதுதான் காரணம்.

ஈய-அமில மின்கலத்தின் ஓர் அறை 2 வோல்ட் தரும். 24 அறைகளை வரிசையாக இணைத்தால் 48 வோல்ட். நீண்ட கம்பியில் போய்ச் சேரப் போதுமான அளவு. தொட்டாலும் பெரும் ஆபத்தில்லாத அளவு. இதில் நேர்முனையை பூமியோடு இணைத்து, கம்பியை எதிர்மின்னழுத்தத்தில் வைத்தார்கள். ஈரம் பட்டால் நேர்மின்னழுத்தத்தில் உள்ள செம்பு சீக்கிரம் அரித்துவிடும் என்பதே இதற்குக் காரணம். நூறாண்டு கழித்து வந்த செல்போன் கோபுரங்களும் இதே –48 வோல்ட்டை எடுத்துக்கொண்டன.

இந்த முறையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வீட்டு இன்வெர்ட்டரில் கரண்ட் போனதும் ஒரு கணம் விளக்கு கண் சிமிட்டும். தொலைபேசி நிலையத்தில் அது கிடையாது. மின்கலமும் கருவியும் எப்போதும் ஒன்றாகவே இணைந்திருக்கும். வெளி மின்சாரம் மின்கலத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். வெளி மின்சாரம் நின்றால் மாற்றிப்போட வேண்டிய சுவிட்ச் எதுவும் இல்லை. இல்லாத சுவிட்ச் பழுதாவதும் இல்லை.

எலிமினேட்டர் விற்ற கம்பெனி

1920களில் வீட்டு ரேடியோவுக்கு ஏ, பி, சி என மூன்று விதமான மின்கலங்கள் தேவைப்பட்டன. வீட்டில் மின்சாரம் இருந்தும் ரேடியோவுக்கு மின்கலம் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. இதைத் தீர்க்க வந்ததுதான் பேட்டரி எலிமினேட்டர். 1928-இல் சிகாகோவில் பால் கால்வின் என்பவர், நொடித்துப்போன ஒரு மின்கலக் கம்பெனியின் எலிமினேட்டர் தொழிலை 750 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, தம்பி ஜோசஃபுடன் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். 1930-இல் அவர்கள் செய்த கார் ரேடியோவின் பெயர் மோட்டரோலா. பிறகு அதுவே நிறுவனத்தின் பெயராயிற்று. 1973-இல் கையில் பிடித்துப் பேசும் முதல் செல்போன் அழைப்பைச் செய்த மார்ட்டின் கூப்பர் அந்த நிறுவனத்தின் என்ஜினியர்தான். உலகின் மிகப் பெரிய கம்பியில்லாக் கருவி நிறுவனங்களில் ஒன்று, பவர் சப்ளை விற்றுத் தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

அந்தக் கால எலிமினேட்டர் கல் போல் கனக்கும். உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். 50 சுழற்சி மின்சாரத்தை மாற்ற அவ்வளவு இரும்பு தேவை. மிஞ்சிய வோல்ட்டேஜை வெப்பமாக வீணாக்கித்தான் வெளியீட்டை நிலையாக வைத்தார்கள். 1970களில் வேகமான டிரான்சிஸ்டர்கள் மலிவானதும், மின்சாரத்தை விநாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி மாற்றும் ஸ்விட்ச் மோட் முறை பரவியது. 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணினியிலும் இதுதான் இருந்தது. எடை குறைந்தது, வீணாகும் வெப்பம் குறைந்தது, 110 முதல் 240 வோல்ட் வரை எதிலும் ஓடியது. கூடவே ஒரு பலவீனமும் வந்தது. உள்ளே பாகங்கள் அதிகம். அவற்றில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்ற சிறு உருளை வெப்பத்தில் மெல்ல மெல்ல உலர்ந்து போகும். பழைய இரும்பு எலிமினேட்டர் எவ்வளவு மோசமான மின்சாரத்தையும் ஓரளவு பொறுத்துக்கொண்டது. புதியது அப்படிப் பொறுப்பதில்லை.

புயலும் நிலநடுக்கமும்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செல்போன் நிலையங்கள் செயலிழந்தன. காற்றில் விழுந்த கோபுரங்கள் இருந்தாலும், நிமிர்ந்து நின்றபடியே செத்துப்போனவை ஏராளம். மின்கலம் சில மணி நேரத்தில் தீர்ந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வழியில்லை. 2007-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் செல்போன் நிலையத்துக்கு எட்டு மணி நேரம், தொலைபேசி நிலையத்துக்கு 24 மணி நேரம் துணை மின்சாரம் வேண்டும் என்று விதி போட்டது. செல்போன் நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2008-இல் அரசின் இன்னொரு அலுவலகமே அதற்கு ஒப்புதல் மறுத்தது. விதி நடைமுறைக்கு வரவே இல்லை. 1912-இல் கப்பலுக்குச் சட்டமாக்க முடிந்ததை, 2008-இல் கோபுரத்துக்குச் சட்டமாக்க முடியவில்லை.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது ஏறத்தாழ 29,000 செல்போன் நிலையங்கள் நின்றன. அந்த எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது மறுநாள்தான். நிலம் அதிர்ந்தபோது தாக்குப்பிடித்த பல நிலையங்கள், மின்கலம் தீர்ந்ததும் அடுத்த நாள் அணைந்தன.

தேனியில் நடந்தது

இவை பெரிய நாடுகளின் பெரிய விபத்துகள். அமெரிக்காவில் கத்ரீனா வீசிய அதே காலத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், புயலும் நிலநடுக்கமும் இல்லாமலே ஒரு சிறு வலையமைப்பு தினசரி மின்சாரத்தோடு போராடிக்கொண்டிருந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் டாக்டர் கோ.வெங்கடசாமி அவர்களால் தொடங்கப்பட்டது. அதன் தேனிக் கிளை, சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் பார்வை மையங்களை 2004 முதல் திறந்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பெண் உதவியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியைப் பார்த்துப் பேசுவார். கண்ணில் புரை விழுந்த ஒரு பாட்டி பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை இழந்து தேனிக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. யாருக்கு அறுவை தேவையோ அவர்கள் மட்டும் வந்தால் போதும்.

இதற்கு வேகமான இணைப்பு வேண்டும். அந்த ஊர்களில் அப்போது அது இல்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையிலான குழு, வீட்டில் நூறு மீட்டர் தாண்டாத வை-ஃபை கருவிகளையே மென்பொருளில் திருத்தி, திசை ஆன்டெனா பொருத்தி, பல கிலோமீட்டர் தூரம் போக வைத்தது. தேனி வலையமைப்பில் 1 கிலோமீட்டர் முதல் 15 கிலோமீட்டர் வரை நீளமுள்ள இணைப்புகள் இருந்தன. சில ரௌட்டர்கள் கோபுரத்தில். சில மாடிக் கம்பத்தில். ஒன்று ஒரு நூற்பாலையின் புகைபோக்கியில். அலை பிரச்சினையின்றிப் போய்ச் சேர்ந்தது. வீடியோ தெளிவாக வந்தது. மாதந்தோறும் ஆயிரக்கணக்கான நோயாளிகள் இதன் மூலம் டாக்டரைப் பார்த்தார்கள்.

ஆனால் வலையமைப்பு அடிக்கடி நின்றது. இந்த அனுபவத்தை அக்குழு 2008-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. கிராமத்தில் கம்பியில்லா வலையமைப்பை உயிரோடு வைத்திருப்பதில் ரேடியோவை விடப் பெரிய தடை மின்சாரத்தின் தரம்தான் என்பது அதன் முக்கிய முடிவுகளில் ஒன்று. மின்வெட்டு எல்லோரும் அறிந்ததே. அவர்கள் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தபோது தெரிந்தது அதைவிட மோசம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 500 வோல்ட் துள்ளல்கள். சில சமயம் 1000 வோல்ட் வரை. இன்னொரு பக்கம் 70 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி அப்படியே நிற்கும். பிறகு 350 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும்.

இதனால் மூன்று விதமான கேடுகள் வந்தன. முதலாவது, துள்ளலில் அடாப்டர்களும் ரௌட்டர் பலகைகளும் எரிந்தன. இது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, லோ வோல்ட்டேஜில் ரௌட்டர் முழுதாக அணையவும் இல்லை, முழுதாக எழவும் இல்லை. பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. இப்படி நின்றால் தானே திரும்பத் தொடங்கவைக்க உள்ளே ஒரு காவல் சுற்று உண்டு. அதற்கும் அதே லோ வோல்ட்டேஜ்தானே? அதுவும் செயலற்றுப் போனது. யாராவது போய் சுவிட்சை அணைத்துப் போடும் வரை அப்படியே கிடக்கும். மூன்றாவது, மின்சாரம் வந்து வந்து போவதால் ரௌட்டர் ஓயாமல் அணைந்து எழுந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனதால் மெமரி கார்டில் இருந்த மென்பொருள் சிதைந்தது.

இணைப்பு நின்றால் முதல் சந்தேகம் ஆன்டெனா மீதுதான் போகும். காற்றில் திரும்பிவிட்டதா, மரம் வளர்ந்து மறைத்துவிட்டதா என்று கோபுரம் ஏறிப் பார்க்கத் தோன்றும். குற்றவாளியோ கீழே, பிளக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். அதுவரை வந்து காத்திருக்கும் நோயாளிக்கு டாக்டர் இல்லை.

குழு கண்ட தீர்வுகளில் ஒன்று, மின்கலம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் ரௌட்டரை முழுவதுமாகத் துண்டித்துவிடும் சுற்று. அரைகுறையாக ஓடுவதை விட அணைந்து கிடப்பது நல்லது என்பது இதன் தத்துவம். கடையில் கிடைத்த சுற்றுகளில் ஒரு சிக்கல் இருந்தது. சுமையைத் துண்டித்ததும் மின்கலத்தின் வோல்ட்டேஜ் சற்று ஏறும், உடனே சுற்று மறுபடி இணைக்கும், சுமை ஏறியதும் வோல்ட்டேஜ் இறங்கும், மறுபடி துண்டிக்கும். இந்த ஊசலாட்டம் நிற்காது. எனவே நன்றாக ஏறிய பிறகே மீண்டும் இணைக்கும்படி சுற்றை மாற்றி வடிவமைத்தார்கள். சூரியத் தகட்டோடு இயங்கி, நிலையான வோல்ட்டேஜைத் தந்து, மின்கலத்தின் நிலையைத் தூரத்திலிருந்தே பார்க்க உதவும் ஒரு பெட்டியையும் செய்தார்கள்.

அவர்கள் சொன்ன பொருளாதாரம் எளிமையானது. கிராமத்தில் மின்சாரத்தின் உண்மையான விலை மீட்டரில் ஓடும் யூனிட் விலை அன்று. அந்த மின்சாரத்தைச் சுத்தம் செய்து, தடையின்றிக் கொடுக்க ஆகும் யு.பி.எஸ்., ஸ்டெபிலைசர், மின்கலம், எரிந்த கருவி ஆகியவற்றின் விலைதான். பத்து வாட் கூடத் தேவைப்படாத ஒரு ரௌட்டருக்கு இதையெல்லாம் கணக்குப் போட்டால், யூனிட் விலை அதிகம் என்று ஒதுக்கப்பட்ட சூரிய மின்சாரமே மலிவாக முடிந்தது.

வரலாறு சொல்லும் தேர்வு முறை

இன்று தொழிற்சாலையிலோ கோபுரத்திலோ கம்பியில்லாக் கருவிக்கு பவர் சப்ளை தேர்ந்தெடுப்பவர் பார்க்க வேண்டிய ஒவ்வொன்றும் மேலே சொன்ன ஏதோ ஒரு விபத்திலிருந்து வந்ததுதான்.

முதலில் உள்ளீட்டு எல்லை. எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பதோடு, குறைந்தால் என்ன செய்யும் என்றும் பார்க்க வேண்டும். சுத்தமாக அணைந்து சுத்தமாக எழுவதே நல்ல கருவி. இடி மின்னலுக்கான தடுப்பும், ஒழுங்கான எர்த்தும் இல்லாமல் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை.

அடுத்து வெப்பம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் ஒன்று, வெயிலில் காயும் இரும்புப் பெட்டிக்குள் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும்; ஏறத்தாழ மூன்றரை ஆண்டு. அதையே நிழலில் 45 டிகிரியில் வைத்தால் 1,28,000 மணி நேரம்; 14 ஆண்டுக்கு மேல். ஒரு நிழல் தகடு செய்யும் வேலை இது. கடைக்காரர் 60 வாட் என்று சொல்லும் பெட்டி எந்த வெப்பத்தில் 60 வாட் என்றும் கேட்க வேண்டும். பல பெட்டிகள் 50 டிகிரிக்கு மேல் போனால் முழு அளவைத் தருவதில்லை.

மூன்றாவது, காகிதத்தில் எழுதியிருக்கும் சராசரிப் பழுது இடைவெளி. 5 லட்சம் மணி நேரம் என்றிருந்தால் 57 ஆண்டு உழைக்கும் என்று பொருளில்லை. இதேபோல் 100 பெட்டிகள் ஓடினால் சராசரியாக 5,000 மணி நேரத்துக்கு, அதாவது ஏழு மாதத்துக்கு ஒன்று பழுதாகும் என்றே பொருள். ஆகவே மாற்றுப் பெட்டி கையிருப்பில் வேண்டும். முக்கியமான இடத்தில் இரண்டு பவர் சப்ளைகளை டையோடு வழியாகச் சேர்த்து இணைத்து, ஒன்று போனால் மற்றொன்று தாங்கும்படி வைக்க வேண்டும்.

நான்காவது, வோல்ட்டேஜ். நீண்ட கேபிளில் அதே வாட்டை 48 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் நான்கு மடங்கு. கம்பியில் வீணாவது 16 மடங்கு. 2003-இல் ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் முறையை வகுத்தவர்களும் 48 வோல்ட்டையே தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

கடைசியாக, எத்தனை மணி நேரம் என்ற பழைய கேள்வி. மின்சாரம் போனால் ஆள் வந்து சேர எவ்வளவு நேரமாகும்? மின்கலம் அதைவிட அதிக நேரம் தாங்க வேண்டும். மின்சாரம் போன செய்தியை அந்தப் பெட்டியே சொல்லவும் வேண்டும்.

கம்பியில்லாக் கருவி வாங்கும்போது ஆன்டெனாவுக்கும் ரேடியோவுக்கும் யோசிக்காமல் செலவு செய்து, பவர் சப்ளையில் மட்டும் நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது பரவலான பழக்கம். நான்டக்கெட் கடலில் அந்த மிச்சம் பிடிக்கப்பட்டிருந்தால் ஜாக் பின்ஸுக்கு இருட்டில் தேட எதுவும் இருந்திருக்காது. தேனியில் எரிந்த அடாப்டர்களின் விலை சில நூறு ரூபாய்தான். பார்வை மையத்துக்கு வந்து, டாக்டரைப் பார்க்காமல் திரும்பிப் போன ஒருவருக்கு அதனால் ஆன நட்டத்துக்கு விலை போட முடியாது.